புளுகுக் கழிவு

மலையடிவாரத்து வனத்துறைக் குடியிருப்பில் பொய் சொல்ல வராத ஒருத்தி இருந்தாள். பொய் சொல்லக் கூடாது என்ற கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. வராது, அவ்வளவுதான். சிலருக்கு விசில் அடிக்க வராது, சிலருக்கு நீச்சல் வராது, அதுபோல. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் "அப்படியே அப்பா ஜாடை" என்று உருகிக்கொண்டிருக்கும்போது, "இந்த வயசுல எல்லாக் குழந்தையும் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வாசல்வரை வழியனுப்பப்பட்டவள். புதுச் சட்டை எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டுவிட்டு அதைத் திரும்பப் போட்டுக்கொண்டவர்கள் கிடையாது.

படித்தது புள்ளியியல். அதனால் அக்காள் புருஷன் அவளுக்கு 'புள்ளி' என்று பெயர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோயிற்று.

பெயர் வைத்த அத்தான் லேசுப்பட்ட ஆளில்லை. அவள் பொய் வராத ஜாதி என்றால் அவர் நிஜம் வராத ஜாதி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அக்காள் கல்யாணத்துக்கு அந்த ஆயிரத்தையும் மாப்பிள்ளையே தன் சொந்தச் செலவில் சொல்லி முடித்துவிட்டார். பெண் வீட்டாருக்கு ஒரு பொய்கூட மிச்சம் வைக்கவில்லை. காட்டுக்குள் அவர் பார்த்த பாம்பு எதுவும் சாலையின் இரண்டு பக்கத்தையும் தொடாமல் படுத்ததில்லை. மழை பெய்தால் அவர் தலைக்கு மட்டும் தனியாகப் பெய்யும். அக்காள் இதையெல்லாம் ரேடியோ ஓடுவதுபோல் காதில் வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பாள். ரேடியோ நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

புள்ளி தனியாள். அக்காள் வீட்டிலேயே பின்னறையில் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் சரிவு. சரிவு முழுக்க ஊசியிலை மரங்கள். அந்தச் சரிவுக்கு அத்தான்தான் காவல். குடியிருப்பின் மறுகோடியில் இருந்த ஆபீசில் புள்ளிக்கு வேலை. இரண்டு பேருக்கும் ஒரே பூச்சிதான் சோறு போட்டது.

அதன் பெயர் பட்டைவண்டு. வண்டு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அரிசி மணி அளவுகூட வராது. ஆனால் அது ஒருமுறை மரப்பட்டைக்குள் நுழைந்து, "இங்கே விருந்து" என்று வாசனை விட்டால், உறவுக்கூட்டம் மொத்தமும் வந்து இறங்கும். பட்டைக்கு உட்புறத்தை வளைய வளையத் தின்று, மரத்துக்குச் சாப்பாடு போகிற பாதையையே அறுத்துவிடும். மரம் தெம்பாக இருந்தால் பிசினைக் கக்கி வண்டை மூழ்கடிக்கும். மழை பொய்த்த வருஷத்தில் மரத்துக்கு எங்கே பிசின்? நாக்கு வறண்டவன் எச்சில் துப்ப முடியுமா?

அத்தானின் வேலை பொறி பார்ப்பது. கறுப்புப் பெட்டி, உள்ளே வண்டின் வாசனையையே காட்டும் ஒரு சின்னப் பை, கீழே ஒரு ஜாடி. விருந்துக்கு வந்த வண்டு வழுக்கி ஜாடிக்குள் விழும். வாரம் ஒருமுறை ஜாடியைக் கோடு போட்ட குழாயில் கவிழ்த்து, எந்தக் கோடு வரை வண்டு நிற்கிறது என்று பார்த்து, போனில் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஒன்றொன்றாக எண்ணுவது மனிதனால் ஆகாது. அளந்துதான் ஆக வேண்டும், தானியம்போல.

புள்ளியின் வேலை அந்த அளவிலிருந்து தொடங்கும். எல்லாச் சரிவுகளின் பொறிக் கணக்கு, மழை, வெயில், சாட்டிலைட் படம், போன வருஷங்களில் எங்கெங்கே மரம் செத்தது என்கிற விவரம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு ஊட்டி அவள் ஒரு மாடல் கட்டியிருந்தாள். அது காட்டின் வரைபடத்துக்கு நிறம் பூசும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கண் வை. சிவப்பு என்றால் வெட்டு ஆட்கள் உடனே போய், வண்டு புகுந்த மரங்களை, குஞ்சு பொரித்துப் பறக்கும் முன்பே வெட்டி வெளியேற்ற வேண்டும். அத்தனை மலைக்கும் இருந்தது ஒரே ஒரு வெட்டுக் கோஷ்டி. ஆகவே நிறம்தான் எல்லாம். எந்தச் சரிவு சிவக்கிறதோ அது பிழைக்கும்.

இதைக் காவலர்கள் அறியாதவர்களா? தங்கள் சரிவு சிவக்க வேண்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டார்கள். பத்துக் கேட்டால் ஆபீஸ் ஐந்து தரும். ஆகவே இருபது கேள். இது எழுதாத சட்டம். எல்லோரும் கொஞ்சம் என்றால் அத்தான் கொஞ்சமாக எதைத்தான் செய்திருக்கிறார்?

"இந்த வாரம் ஜாடி மூட முடியல புள்ளி. கடைசியா வந்த வண்டு ரெண்டும் உள்ள எடமில்லன்னு திரும்பிப் போச்சு."

"அந்த ரெண்டையும் சேத்து எழுதிருக்கீங்களா, அத்தான்?"

"பின்ன? வந்த விருந்தாளிய விடலாமா?"

ஒரு பருவம் முழுக்கப் புள்ளி காவலர்களின் ஜாடிகளை அப்படியே பையில் கட்டி வாங்கி, ஆபீசில் சலித்து எடை போட்டுப் பார்த்தாள். அத்தான் குப்பையைச் சலிப்பதே இல்லை என்று தெரிந்தது. ஊசியிலை, சிலந்தி, ஈ, தூசி எல்லாம் சேர்த்துக் குழாயில் கவிழ்த்து மேல்கோட்டைப் படித்திருக்கிறார். வாரா வாரம், நூல் பிடித்தாற்போல் இரண்டு மடங்கு. பொய்யிலும் அவ்வளவு ஒழுங்கு இருந்தால் கணக்குக்காரிக்கு அது கற்கண்டு. ஒவ்வொரு காவலருக்கும் ஒரு எண் கட்டினாள். இவர் சொன்னால் இவ்வளவு கழி, அவர் சொன்னால் அவ்வளவு கழி. அத்தானுக்குச் சரிபாதி. ஆபீஸ் பாஷையில் அதற்கு 'ஆள் திருத்தம்' என்று பெயர்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் மாடல் சொன்னது சொன்னபடி நடந்தது. சிவந்த இடத்தில் வண்டு இருந்தது, பச்சை இடத்தில் மரம் நின்றது. ஆபீசருக்கு மேலிடத்துப் பாராட்டு வந்தது. புள்ளிக்குச் சக்கரம் வைத்த நாற்காலி வந்தது.

நாற்காலி வந்த அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தான் வழக்கம்போல் ஆரம்பித்தார். சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாராம், வண்டுகள் மூடியைத் தூக்கிக்கொண்டு நடந்து போகின்றனவாம்.

"எத்தனை வண்டு தூக்கிட்டுப் போச்சு?" என்றாள் அக்காள், தட்டைப் பார்த்தபடி.

"ஒரு நானூறு இருக்கும்."

"இருநூறு" என்றாள் புள்ளி. சொல்லிவிட்டுச் சிரிப்பு தாங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். "அத்தான், நீங்க குடுக்கற எண்ணப் பாதியாக்கிட்டுத்தான் நான் மாடலுக்குள்ளயே சேப்பேன். ரெண்டு வருஷமா. உங்களுக்குன்னே ஒரு புளுகுக் கழிவு வெச்சிருக்கேன்."

அக்காளுக்குப் புரையேறும்வரை சிரிப்பு. "அடிப் பாவி! இருபது வருஷமா நான் மனசுக்குள்ள போட்ட கணக்க நீ மிஷின்ல போட்டுட்டியே!"

அத்தானும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அதுதான் கவனித்திருக்க வேண்டிய விஷயம். மனிதர் தன் நகைச்சுவைக்குத் தவிர வேறு எதற்கும் அப்படிச் சிரித்தவரல்ல. அன்றைக்கு அவர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை.

பனி விலகி வண்டு பறக்கத் தொடங்கிய வாரத்தில் அக்காள் சமையலறையில் அரிசியில் நொய் சலிக்கிற சல்லடை காணாமல் போயிற்று.

"இங்கதான மாட்டிருந்தேன். கால் மொளச்சுப் போச்சா?"

"நல்லாத் தேடிப் பாருக்கா."

"சல்லடை போட்டுத் தேடலாம்னா அந்தச் சல்லடையத்தான காணோம்!"

இந்த நகைச்சுவை ஒரு மாதம் ஓடியது. சல்லடை எங்கே இருந்தது என்றால் சரிவின் மேல் பொறியருகே, ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தியாள் தன்னைப் பாதி மனுஷனாக்கிவிட்டாள் என்று அத்தானுக்கு உள்ளே அறுத்திருக்கிறது. இந்த ஒரு வருஷம் ஊசியிலை ஒன்றுகூட இல்லாமல் சலித்து, சுத்தமாக அளந்து, பருவம் முடிந்ததும் 'இப்ப எடை போட்டுப் பாரு' என்று ஜாடியை அவள் மேஜையில் வைப்பதாகத் திட்டம். அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. வாழ்க்கையில் அவர் காப்பாற்றிய முதல் ரகசியம் அதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். குப்பை போனதால் அத்தானின் எண் பாதியாயிற்று. அது நிஜமான எண். ஆபீசுக்கு வந்ததும் அவருக்கென்று வைத்திருந்த கழிவு அதை இன்னொருமுறை பாதியாக்கியது. சரிவில் நாலு வண்டு இருந்தால் மாடலுக்குத் தெரிந்தது இரண்டு.

புள்ளி கவனிக்காமல் இல்லை. மற்ற சரிவுகளில் எல்லாம் எண் ஏறிக்கொண்டிருந்தது. மழை இல்லை, மண் வெடித்துக் கிடந்தது. அத்தான் சரிவில் மட்டும் இறங்கியிருக்கிறதே என்று யோசித்தாள். போன வருஷம் அங்கேதான் நிறைய மரம் வெட்டி அகற்றினார்கள், அதனால் வண்டு தணிந்திருக்கும் என்று தோன்றியது. தேடினால் கிடைக்காத காரணம் என்று உலகத்தில் ஒன்று உண்டா? வரைபடத்தில் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை. வெட்டுக் கோஷ்டி ஆற்றுக்கு அந்தப்புறம் சிவந்திருந்த மலைக்குப் போயிற்று.

கோடை உச்சத்தில் ஒருநாள் காலை அத்தான் ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை. அதை அவள் மேஜையில் வைத்தார். உட்புறம் முழுக்க யாரோ கத்தி முனையால் கிறுக்கியதுபோல் சந்து சந்தாகப் போயிருந்தது. பழுப்புத் தூள் கொட்டியது.

"ஆள அனுப்பச் சொல்லு புள்ளி. மேல் மேட்டுல மரத்தடியெல்லாம் தூள் கொட்டிக் கெடக்கு. குஞ்சு பொரிச்சு நிக்குது. பறந்துச்சுன்னா முடிஞ்சுது."

"எத்தனை மரம், அத்தான்?"

"நாப்பது இருக்கும்."

புள்ளியின் தலைக்குள் கழிவு தானாக ஓடிற்று. இருபது. இருபது மரத்துக்காக ஆற்றைத் தாண்டிப் போன ஆட்களைத் திருப்பி அழைக்க முடியாது. சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "பாருங்க, ஒரு மரம்கூட நெறம் மாறல. எல்லாம் பச்சை."

"பச்சையாத்தான் இருக்கும். உள்ள செத்தாச்சு, மேல இன்னும் சேதி போகல."

அது அவளுக்கும் தெரிந்ததுதான். வண்டு புகுந்த மரம் சில வாரம் பச்சையாகவே நின்றுவிட்டுப் பிறகுதான் சிவக்கும் என்று அவளே ஆபீசருக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். அந்த இடைவெளியில் வானத்துக் கண் குருடு, பொறிதான் கண். பொறியோ அமைதியாக இருக்கிறது என்கிறது.

"உங்க பொறில எண்ணே இல்லையே, அத்தான். போன வருஷ அளவுகூட வரல."

"இந்த வருஷம் நான் பொய் சொல்லல, புள்ளி."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டைப் அடிக்கிறவர், டிரைவர், உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த ஆபீசர், எல்லோரும். புளுகன் என்று பேர் வாங்கியவன் வந்து நின்றால் சிரிக்கத் தயாராகத்தானே இருப்பார்கள்?

சல்லடை என்ற ஒரு சொல் அன்று அவர் வாயில் வந்திருந்தால் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும்: இத்தனை வருஷமும் குப்பையை அளந்துதான் கொடுத்தேன் என்று. அத்தனை பேர் முன்னால், அதுவும் ஆபீசர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது. பொய்யனுக்கும் ஒரு கௌரவம் உண்டு; சொல்லப்போனால் அவனுக்குத்தான் அது அதிகம். அத்தானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

கீபோர்டில் தூள் விழுகிறது என்று புள்ளி பட்டையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் அக்காள் போன் செய்தாள். "உங்க அத்தான் காலைல மரம் அறுக்கற மிஷினத் தூக்கிட்டு மேல போனாரு. சாப்பாட்டுக்கு வரல. போன் எடுக்கல."

"தனியாவா?"

"கூட யாரு போவா? நாலு ஆளு இருக்காங்க மேல, வேலை தடபுடலா நடக்குதுன்னுட்டுப் போனாரு. எனக்குத் தெரியாதா, நாலுன்னா ஒண்ணுதான்னு."

புள்ளி சரிவேறினாள். வருஷக்கணக்காக அந்தச் சரிவை நிறமாகவே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது இவ்வளவு செங்குத்து என்பதே மறந்துபோயிருந்தது. மேல் மேட்டுக்கு வந்ததும் முதலில் தெரிந்தது தூள். ஒவ்வொரு மரத்தின் காலடியிலும், வேர் இடுக்குகளிலும், சிலந்தி வலைகளிலும்கூட, காப்பித்தூளை அள்ளி வீசியதுபோல். நிமிர்ந்து பார்த்தால் தலைகள் எல்லாம் பச்சை. அத்தனையும் நின்றபடி செத்திருந்தன. எண்ணிப் பழகிய கண் தன்னால் எண்ணிற்று. நாற்பதைத் தாண்டியபின் அவள் நிறுத்திவிட்டாள்.

இரண்டு மரங்கள் வெட்டிச் சாய்ந்து, பட்டை உரிக்கப்பட்டு, வெள்ளையாகக் கிடந்தன. மூன்றாவது சாயும்போது பக்கத்து மரத்தின் தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி மாட்டிய மரத்தடியில் தனியாள் நிற்கவே கூடாது என்பது காட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். இழுத்துவிடக் கயிறும் ஆளும் வேண்டும். ஆள் ஆற்றுக்கு அந்தப்புறம் இருந்தது.

பிறகு நழுவி இறங்கிய அந்த மரத்தின் கீழே, கால் அடியில் சிக்கி, அத்தான் கிடந்தார். முகம் சாம்பல். கண் திறந்திருந்தது.

"அத்தான்!"

"கால் இருக்கா பாரு. எனக்குத் தெரியல."

பார்த்தாள். அவளுக்குத்தான் பொய் வராதே. பதில் சொல்லாமல் போனை எடுத்துக் கத்தினாள். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறிக் கத்தினாள், இறங்கி வந்து அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், மறுபடி ஏறினாள். ஆட்கள் வந்து சேரும்வரை அவர் தண்ணீரைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ஒரு கதைகூடச் சொல்லவில்லை. பொறியருகே கிளையில் தொங்கிய சல்லடையை அப்போதுதான் பார்த்தாள். காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கம்பி வலையில் நாலைந்து ஊசியிலை சிக்கியிருந்தது. வேறு விளக்கம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்த இரண்டாம் நாள் அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள். "ஏன் அத்தான் சல்லடையப் பத்தி சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப?"

"இந்த வருஷம் பொய் சொல்லலன்னு சொன்னேனே, புள்ளி."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

அவள் ஆபீசுக்குப் போய் அவர் பெயருக்கு எதிரே இருந்த கழிவை எடுத்துவிட்டு மாடலை மறுபடி ஓட்டினாள். சரிவு முழுக்கச் சிவந்தது. பட்டையைக் கொண்டுவந்து வைத்தாரே, அதற்கு ஐந்து வாரம் முன்பே சிவந்திருக்கிறது. ஆபீசரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அவரு குடுத்த எண்ணு கம்மிதானம்மா" என்றார் ஆபீசர். "அனுமதி இல்லாம தனியாப் போயி மரம் வெட்டினது அவரு தப்பு. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதியாகணும்."

"அவர் குடுத்த எண் சரி, சார். பாதியாக்கினது நான்."

"நீங்க வேணும்னா பண்ணீங்க? எந்தக் கணக்குலயும் நூத்துக்கு அஞ்சு பத்து தப்பு வரத்தான் செய்யும். மொத்தத்துல பாத்தா நம்ம மாடல் இந்த வருஷமும் நல்லாத்தான் இருக்கு."

மொத்தத்தில் பார்த்தால் நல்லாத்தான் இருந்தது. அவளே கட்டியது, அவளுக்குத் தெரியாதா? ஆற்றுக்கு அந்தப்புறம் மலை பிழைத்துக்கொண்டது. நூற்றில் அந்த ஐந்து எங்கே விழுந்தது என்று பார்த்தால் அவர்கள் வீட்டுக் கொல்லையில் விழுந்தது. பாதியாக்கினது நான் என்று அவளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆபீசர் அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார், ஆனால் ரிப்போர்ட்டைத் திருத்தவில்லை.

வண்டு பறந்தது. வெட்டுக் கோஷ்டி வந்தபோது சரிவு துருப்பிடித்த தகரம்போல் நின்றது. மொத்தத்தையும் வழித்து எடுத்தார்கள். வீட்டின் பின்னறை ஜன்னலில் முதல்முறையாக நேர் வெயில் விழுந்தது.

அக்காளிடம் புள்ளி எதையும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த வாரத்தில், சமையலறையில் நின்று, பாதியாக்கியதையும் பட்டையைக் குப்பையில் போட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்காள் கத்தவில்லை. காய் நறுக்குவதையும் நிறுத்தவில்லை.

"அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன்" என்றாள் கடைசியில். "அத நெனச்சா எனக்கே என்னக் கண்டா ஆகல. ஆனா நான் பொண்டாட்டி. என்னோட புருஷன நான் நம்பாமப் போனா அது எங்க வீட்டு விஷயம். நீ அத வாங்கிட்டுப் போயி ஆபீஸ்ல சட்டமா ஆக்கிட்ட." கத்தியைக் கீழே வைத்தாள். "நீ வேற எடம் பாத்துக்கோ. கொஞ்ச நாளைக்கு உன் மொகத்தப் பாத்துட்டு என்னால சாப்பிட முடியாது."

புள்ளி ஆபீசுக்கு அருகே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஆள் திருத்தம் வேண்டாம், காவலர் வா என்றால் யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். அத்தனை தடவை மலையேற யாரிடம் ஆள் இருக்கிறது என்றார்கள். ஆகவே அவளே போனாள். ஆபீசில் அவளுடைய சக்கரம் வைத்த நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. காவலர்கள் அவளைக் கண்டதும் அவசர அவசரமாகக் குப்பையைச் சலிக்கத் தொடங்கினார்கள்.

அத்தான் வீட்டில் என்ன நடக்கிறது என்று டிரைவர் மூலம் தெரிந்துகொண்டாள். மனிதர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். யாராவது வந்து காலைப் பற்றிக் கேட்டால், "மரம் விழுந்துச்சு" என்கிறாராம். அவ்வளவுதானாம். எத்தனை பெரிய மரம், எத்தனை நாழி கிடந்தார், ஒன்றும் கிடையாது. கேட்க வந்தவர்கள் கதைக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, சங்கடத்தோடு எழுந்து போகிறார்களாம்.

குளிர் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்தே போன் வந்தது.

"புள்ளி. வீட்டு உத்தரத்துல பூச்சி அரிக்கற சத்தம் கேக்குது."

"வரேன், அத்தான்." எத்தனை, எங்கே, எப்போதிலிருந்து என்று எதையும் கேட்கவில்லை. டார்ச்சையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கதவைத் திறந்தது அக்காள். மாதக்கணக்கில் முகம் பார்க்காத தங்கையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஏணி இருக்கும் இடத்தைக் கையால் காட்டினாள். புள்ளி கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஊர்ந்து, ஒவ்வொரு சட்டமாகத் தட்டிப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். இடுக்கெல்லாம் விரல்விட்டுத் தூள் தேடினாள். பழைய தூசியும் ஒட்டடையும்தான். மரம் கல்போல் இருந்தது. பட்டை உரித்த காய்ந்த மரத்துக்கு அந்த வண்டு வரவும் வராது. அத்தானுக்கு இது அவளைவிட நன்றாகத் தெரியும். தலைமுடியில் ஒட்டடையோடு இறங்கி வந்தாள்.

"தினமும் சொல்றாரு" என்றாள் அக்காள் தாழ்ந்த குரலில். "விளையாட்டுக்குச் சொல்றாருன்னு மொதல்ல சந்தோஷப்பட்டேன். விளையாட்டு இல்லடி. நெசமாவே அவருக்குக் கேக்குது."

அத்தான் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். தலை சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போய், பாதி ஆளாயிருந்தார். "கேக்குதா?" என்றார் அவளைப் பார்க்காமல்.

புள்ளி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்தாள். சுண்ணாம்பின் குளிர். அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டுகிற ஓசை. தன் ரத்தம் ஓடுகிற சத்தம். வேறொன்றும் இல்லை. வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"கேக்குது, அத்தான்" என்றாள்.

"எங்க?"

"இங்க, உள்ள. நெறைய இருக்கும்போல."

அவர் மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். ஒட்டடை, தூசி, எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்த கண்கள், சிவந்துபோன காது மடல். ஒரு நிபுணன் கற்றுக்குட்டியின் வேலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"விடு, புள்ளி" என்றார். "உனக்குப் பொய் வரல."

சமையலறைக்குத் திரும்பியிருந்த அக்காளின் கை ஓசை நின்றது. அத்தான் மறுபடி சுவர்ப் பக்கம் சாய்ந்துகொண்டார். அவருக்கு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. புள்ளியும் சுவரிலிருந்து காதை எடுக்கவில்லை.